கடித்துக் காட்டிய பழம்

இரண்டு வருஷமாக உமாராணி தன் புருஷனின் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் வாழை மண்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே செம்பில் தண்ணீரோடு எதிரே போய் நிற்பாள். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோவாள். வாழைப்பழ வாசனை வரும், வியர்வை வாசனை வரும், சில நாள் கிராம்பு மணக்கும். அவள் தேடிய வாசனை மட்டும் ஒருநாளும் வரவில்லை. அதில் அவள் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வாசனையே இல்லாத சரக்கெல்லாம் இப்போது வந்துவிட்டது என்று அவள் அண்ணன் தங்கதுரை ஏற்கனவே ஓதிவைத்திருந்தான். அண்ணன்மார் சிலருக்குத் தங்கச்சி வீட்டில் நெருப்பில்லாவிட்டால் கை நடுங்கும்.

அவளையும் முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை. உமாராணி குடிகாரன் மகள். சாகுபுரத்தில் கூலி வேலைக்குப் போய்வந்த அவள் அப்பா, சாயங்காலம் படியேறும்போது முகம் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். கன்னம், கழுத்து, காதுமடல் எல்லாம் செக்கச்செவேல் என்றிருக்கும். கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கும். அந்த மனுஷனோடு அம்மா பட்ட பாட்டைப் பார்த்தே வளர்ந்தவள், கல்யாணப் பேச்சு வந்தபோது கேட்டது ஒரே கேள்விதான். மாப்பிள்ளை குடிப்பாரா? நகை நட்டு, வீடு வாசல் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வன்னியபெருமாள் அந்தப் பக்கமே போகமாட்டான் என்று உடன்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். மகள் சண்முகப்ரியா படித்து முடித்து பள்ளிக்கூட டீச்சர் ஆகும்வரைக்கும் ஊர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்த அவர் முகத்தில் அதே சிவப்பு ஏறியது.

கொஞ்ச நேரம்தான் இருக்கும். அனல் அடித்தாற்போல முகமும் கழுத்தும் சிவந்து, பிறகு தானாக அடங்கிவிடும். அதோடு வயிறும் கெட்டது. நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து ஓடவேண்டியிருந்தது. மண்டியில் கக்கூஸ் கிடையாது. கட்டணக் கழிப்பிடம் டாஸ்மாக் கடைச் சந்துக்குள் இருந்தது. பட்டப்பகலில் அண்ணாச்சி அந்தச் சந்துக்குள் அவசரமாக நுழைவதையும், முகம் சிவந்து வெளியே வருவதையும் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வயிற்றுப்போக்கு என்று வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். சொல்லாமலே இருந்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. வாழ்நாளில் பெரிதாகத் தப்பு செய்யாதவர்கள் செய்கிற ஒன்றிரண்டும் இப்படித்தான் வந்து கழுத்தில் விழும்.

எட்டயபுரத்திலிருந்து சண்முகப்ரியாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். நல்ல பையன், பேச்சும் முடிவாகிவிட்டது. உறுதி செய்ய வந்த அன்றைக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. இலை எடுத்த கையோடு வன்னியபெருமாள் முகம் சிவந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி ஓடினார். அடுப்படி வாசலில் வைத்து உமாராணி அவர் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்குமாங்க? பிள்ள வாழ்க்க நடுவீட்டுல உக்காந்திருக்கு. இன்னைக்கு ஒருநா இருக்க முடியலையா ஒங்களுக்கு?"

"நான் குடிக்கலளா," என்றார்.

"எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு."

மெதுவாகப் பேசியதாகத்தான் அவள் நினைத்தாள். கை கழுவ வந்த மாப்பிள்ளையின் அத்தை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். தங்கதுரையும் நின்றான். "மாப்பிள்ள, இதெல்லாம் ஒரு மொறயா?" என்று அவன் வேறு வன்னியபெருமாளிடம் கேட்டுவைத்தான். சாயங்காலத்துக்குள் எட்டயபுரத்திலிருந்து போன் வந்துவிட்டது. சம்பந்தம் அதோடு முடிந்தது. அன்றைக்குப் பிறகு வன்னியபெருமாள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர்ச் செம்போடு அவள் எதிரே வந்தால் வாயைக் கொஞ்சம் திறந்தே காட்டுவார். மோந்து பார்த்துக்கொள் என்று. அந்த ஒன்றுக்காகவே உமாராணி பிற்பாடு அழுதாள்.

வீட்டில் இந்தக் கதி. மார்க்கெட்டிலோ அந்த மனுஷனின் வாய்க்கு இருந்த மதிப்பே வேறு. ஏரல், குரும்பூர், ஆத்தூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தார் தாராக வாழை வந்து அவர் மண்டியில் இறங்கும். காயாகக் கொஞ்சம் மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் ஏறும். மீதி பழுக்கவைத்து மார்க்கெட்டுக்கும் கப்பல்காரர்களுக்கும் போகும். இடையில் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைத் தின்றால் நோய் வரும் என்று டிவியில் காட்டியதிலிருந்து, வாங்க வருகிறவர்கள் லேசில் நம்புவதில்லை. அப்போது வன்னியபெருமாள் கொண்டுவந்ததுதான் கடித்துக் காட்டுகிற பழக்கம். எந்தத் தாரை நீ கை காட்டுகிறாயோ, அதில் நடுச்சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, பாதியை அவர் கடிப்பார். மீதியை உன் கையில் கொடுப்பார். "நான் தின்னுட்டேன். நீயும் தின்னு பாத்துட்டு எடு," என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. வன்னியபெருமாள் கடித்த பழம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று தோணிக்குச் சரக்கு எடுக்கிற ஆன்டனி போகிற இடமெல்லாம் சொல்லுவான்.

சண்முகப்ரியாதான் அப்பாவின் வேட்டிக் கட்டு நழுவுவதை முதலில் கவனித்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வர மாட்டேன் என்றவரை வம்படியாக இழுத்துக்கொண்டு, ஊருக்குள்ளேயே பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு குடல் டாக்டரிடம் போனாள். கூட உமாராணியும் போனாள். டாக்டர் ஜான்ஹவி ஆழ்வார்திருநகரிக்காரி, வாத்தியார் வீட்டுப் பெண், வயசு முப்பத்தைந்துதான் இருக்கும். நிதானமாகக் கேள்வி கேட்டாள். வயிற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, "முகம் சிவக்குமா?" என்றாள்.

வன்னியபெருமாள் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். "செவக்கும்மா. சாப்ட்ட பொறவு."

"குடிப்பீங்களா?"

"இல்லம்மா."

டாக்டர் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மறுபடி கேட்கவில்லை, குறுக்கு விசாரணை இல்லை, உமாராணி முகத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளவும் இல்லை. வன்னியபெருமாள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உமாராணிக்கு ஏனோ அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

குடலில் உளுந்து போலச் சின்னதாக ஒரு கட்டி இருந்தால்கூட இப்படி வரலாம் என்றாள் டாக்டர். நம் உடம்பில் செரடோனின் என்று ஒரு பொருள் உண்டு. மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோவதும் அது, குடலை அசையவைப்பதும் அது. இந்தக் கட்டி அதைக் கணக்கு வழக்கில்லாமல் சுரக்கும். வயிறு ஓடும். அதோடு சேர்ந்து சுரக்கிற வேறு சிலவற்றால் முகமும் சிவக்கும். வேலை முடிந்த செரடோனினின் கழிவு மூத்திரத்தில் போகும். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்து அனுப்பினால் எவ்வளவு போகிறது என்று சென்னையில் அளந்து சொல்லிவிடுவார்கள்.

"அதுக்கு முன்னாடி மூணு நாள், பிடிக்கிற அன்னைக்கும், சில சாமான் சாப்பிடக் கூடாது. வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்திரிக்காய்..."

"வாழைப்பழமா? அவுக யாவாரமே அதுதான டாக்டர்," என்றாள் உமாராணி.

"வியாபாரம் பண்ணட்டும். சாப்பிட மட்டும் வேண்டாம்."

உமாராணி ஒரு வேலையை எடுத்தால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அன்றைக்கே வீட்டிலிருந்த பழத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். சாமிக்குக்கூட வெறும் கற்கண்டுதான். தக்காளி இல்லாமல் ரசம், கத்திரிக்காய் இல்லாமல் சாம்பார். மூத்திரம் பிடித்த கேன் நிறைந்ததும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முடிவு வந்தது. இருக்கவேண்டியதைவிட ரொம்ப அதிகம் என்றாள் டாக்டர். கட்டி எங்கே என்று பார்க்க மதுரையில் பெரிய ஸ்கேன் எடுக்கவேண்டும், ஆபரேஷனும் தேவைப்படலாம் என்றாள்.

உமாராணி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அப்படியே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாவிங்க. ஒங்கள என்னென்ன பேசிட்டேன். நோயில கெடந்த மனுஷன..."

"எந்திரி. பிள்ள பாக்குது," என்றார் வன்னியபெருமாள்.

மறுநாள் அவர் மண்டிக்குப் போன நடையே வேறு மாதிரி இருந்தது. போனதும் எல்லோரிடமும் சொன்னார். சுமை இறக்குகிறவர்களிடம், எதிர்க்கடைக்காரரிடம், ஆன்டனியிடம். "எனக்குக் குடல்ல ஒரு கட்டி இருக்காம்டே. அதான் மொகம் செவக்குதாம்." மகனுக்கு உத்தியோகம் கிடைத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். ஆன்டனி, "மாதா பாத்துக்கிடுவா அண்ணாச்சி," என்று மட்டும் சொன்னான்.

அன்று மத்தியானம் உமாராணி சாப்பாட்டுத் தூக்கோடு மண்டிக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்தது அபூர்வம். இனிமேல் ஒருவேளைகூட இவரைத் தனியே சாப்பிட விடக்கூடாது என்று அவளாக ஒரு முடிவு. வாசலில் கால் வைக்கும்போது வன்னியபெருமாள் ஒரு தாரிலிருந்து பழத்தைப் பிய்த்து, உரித்து, பாதியைக் கடித்து, மீதியை ஒரு வியாபாரியிடம் நீட்டினார். அவன் அடுத்த தாரைக் காட்டினான். அதிலும் ஒன்று. அந்தப் பக்கம் இன்னொருவன் காத்திருந்தான். அவனுக்கும் ஒன்று.

உமாராணி கூட்டம் கலைகிறவரை நின்றாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா? கேன்ல பிடிச்ச அன்னைக்கும்?"

"எந்நாளும் உள்ளதுதானளா. கடிச்சுக் காட்டாம எவன் வாங்குவான்?"

"டாக்டரம்மா வாழப்பழம் திங்கக் கூடாதுன்னு சொன்னாவல்லா."

"தின்னனா? தொழிலுக்குக் கடிச்சேன்."

"முழுங்கினியளா?"

"துப்புனா வாங்குவானா?"

அவர் ஏமாற்றவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது தின்றதாகப் படவில்லை. தின்பது என்றால் இலை போட்டு உட்கார்ந்து தின்பது. மண்டியில் வாய்க்குள் போவதெல்லாம் வேலை. தையல்காரன் ஊசியைப் பல்லில் கடித்தால் இரும்பு தின்றான் என்றா சொல்வோம்?

உமாராணி பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்க அவர் நோயாளி என்று நம்பிவிட்டது, குடிகாரன் என்ற பெயர் போய்விட்டது. ஆனால் இல்லாத கட்டிக்காக இவர் வயிற்றைக் கிழித்தால்? மண்டி வாசலிலேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் இருவரையும் வரச்சொன்னாள். கோபப்படவில்லை. தப்பு தன்மேலும்தான் என்றாள், வியாபாரம் பண்ணட்டும் என்று சொன்னவள் அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டுமாம்.

"இந்த டெஸ்ட்டை நம்ப முடியாது. உங்க உடம்புல இருக்கிற அதே செரடோனின் வாழைப்பழத்துலயும் இருக்கு. அதைச் சாப்பிட்டா குடலும் ஈரலும் உடைச்சு, அதே கழிவாத்தான் வெளியே தள்ளும். எது கட்டியில இருந்து வந்தது, எது பழத்துல இருந்து வந்ததுன்னு மிஷினுக்குத் தெரியாது."

வன்னியபெருமாள் குறுக்கே கேட்டார். "வாழைக்கு ஏதும்மா மூளையும் நரம்பும்? அதுக்கு எதுக்கு இது?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "எல்லாம் தெரிஞ்சிட்டதா யாரும் சொல்லலை. வேர் விடுறதுக்கு, உப்புத்தண்ணியும் வெயிலும் தாங்குறதுக்கு, இலை சீக்கிரம் முதிராம இருக்குறதுக்கு உதவுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இது ஒண்ணு மட்டும் இல்லை. உரிச்ச பழம் கருக்குதே, அது பழத்துல இருக்கிற டோபமைன்ங்கிற பொருளால. அதுவும் நம்ம மூளையில இருக்குறதுதான். கைநடுக்க வியாதிக்குக் கொடுக்குற மருந்து பூனைக்காலி விதைக்குள்ள அப்படியே இருக்கு. ஒரு செடியில புழு ஒரு இலையைக் கடிச்சா, குளூட்டமேட்னு ஒண்ணு அங்க கசிஞ்சு, கொஞ்ச நேரத்துல தூரத்து இலைக்கும் சேதி போயிடுது. நம்ம நரம்புலயும் அதே குளூட்டமேட்தான் சேதி கொண்டுபோகுது. நரம்பு இல்லாமலே அதுங்க சேதி சொல்லிக்குது."

"நமக்கு எல்லாம் இருந்தும் சொல்ல வரமாட்டேங்கு," என்றார் வன்னியபெருமாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மறுபடி மூன்று நாள் பத்தியம் இருந்து, மறுபடி பிடித்துக்கொடுக்க வேண்டும் என்றாள் டாக்டர். அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ஆட்டோ கடற்கரை ரோட்டில் திரும்பியதும் நிறுத்தச் சொல்லி இறங்கினார். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. உமாராணி பின்னாலேயே இறங்கினாள்.

"நான் குடுக்கமாட்டேன்," என்றார்.

"என்னத்த?"

"மூத்திரத்த. ஒரு தடவ குடுத்தாச்சு. அது போதும்."

"அது தப்புன்னு சொல்லுதாவல்லா. கட்டி இல்லன்னு வந்தா நல்லதுதானங்க."

"ஒனக்கு நல்லது. எனக்கு? அப்ப மொகம் எதனால செவக்குன்னு ஒன் அண்ணன் கேப்பான். நீயும் கேப்ப."

"நான் கேக்கமாட்டேன்."

"பேப்பரு வந்த பொறவுதானளா நீ நம்புன. பேப்பரு போச்சுன்னா நம்பிக்கையும் போயிரும்லா." குரலை அவர் உயர்த்தவில்லை. "ரெண்டு வருஷங்கழிச்சு இப்பத்தான் தலைய நிமித்தி மார்க்கெட்டுக்குள்ள நடக்கேன். திரும்பவும் என்னால முடியாது. கட்டியோட போறேன்னாலும் சரி."

அவர் சொன்னது உண்மை. மேலிருந்து கீழ்வரை அவள் செய்ததுதான் அது. ஒரு மனுஷனைச் சாவைவிடக் குடிகாரப் பெயருக்குப் பயப்படும்படி ஆக்கியிருக்கிறாள். அப்பாமேல் இருந்த கோபத்தையெல்லாம் கொண்டுவந்து, தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் தலையில் கொட்டியிருக்கிறாள். ஆட்டோவை அனுப்பிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

மறுநாள் காலை அவர் மண்டியைத் திறந்து கொஞ்ச நேரத்தில் உமாராணி வந்து நின்றாள். ஆன்டனி தோணிக்காரர்களின் சாப்பாட்டுக்குப் பழம் எடுக்க வந்திருந்தான். இன்னும் ஐந்தாறு வியாபாரிகள் நின்றார்கள். வன்னியபெருமாள் தாரில் கைவைத்தபோது அவள் முன்னால் போய் அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"நான் கடிக்கேன்," என்றாள்.

"அண்ணாச்சி கடிக்கலையா?" என்று ஒருவன் இழுத்தான்.

"அவுகளுக்கு ஒரு டெஸ்டு இருக்கு. முன்ன எடுத்தது இந்தப் பழத்தால தப்பாயிட்டு. திரும்ப எடுக்கணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "டெஸ்டுல என்னமும் வந்துட்டுப் போட்டும். கட்டி இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, அவுக குடிக்கல. எங்கப்பன நெனச்சுக்கிட்டு நாந்தான் இல்லாதத நெசம்னு நம்பித் திரிஞ்சேன். எம்பிள்ள கல்யாணம் நின்னதும் என் வாயாலதான். இங்கன எவராவது அந்தப் பேச்சு பேசியிருந்தா இன்னையோட விட்டுருங்க."

ஆன்டனிதான் முதலில் அசைந்தான். "மொதலாளியம்மா கடிச்சாலும் பழம் பழந்தான. எனக்கு அந்தத் தாரைக் காட்டுங்க," என்றான். அவள் கடித்தாள். மீதியை அவனிடம் கொடுத்தாள்.

மூன்று நாளும், கேன் பிடித்த நாலாவது நாளும் அவள்தான் கடித்தாள். வன்னியபெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு, "நடுச்சீப்புல எடு," என்றார். "காம்பு பச்சையா இருந்து மேல மட்டும் மஞ்சளா இருந்தா அத வெலக்கி வையி." அவள் செய்தாள். ஒவ்வொரு பழமாகத் தின்று நெஞ்சுக்கு மேலே வந்தது. தின்னத் தின்ன ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. முன்பின் தெரியாத அத்தனை பேரும் இந்த மனுஷனின் வாயை நம்பிப் பிழைக்கிறார்கள். கூடப் படுத்தவள் மட்டும் நம்பவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் தாமாகவே கேனை எடுத்துக் குளியலறையில் வைத்தார்.

"என்ன வந்தாலும் நான் ஒங்களத்தான் நம்புவேன்," என்றாள் உமாராணி.

"பாப்போம்," என்றார்.

முடிவு வரும்வரை அவள் திருச்செந்தூர் முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கட்டி இருக்கக்கூடாது. இல்லை என்று வந்தால் அவர் முகச் சிவப்புக்குக் காரணம் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அந்தக் காரணத்தின் இடத்தில் தானே சாட்சியாக நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறையில் சண்முகப்ரியா அம்மாவின் பக்கத்தில் நின்றாள். டாக்டர் உட்காரச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். உமாராணிக்கு அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவை பழம் எதுவும் இல்லை. அப்படியும் ரொம்ப அதிகமா இருக்கு. வாழை கொடுத்தது இல்லை. உங்க உடம்பே பண்றதுதான்."

உமாராணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகள் அவள் தோளைப் பிடித்தாள். வன்னியபெருமாள் மட்டும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப மொகம் செவக்கது இதனாலதானம்மா?"

"ஆமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"குடிக்கதால இந்தக் கழிவு இப்படி ஏறாதுல்லா?"

"ஏறாது. இதுக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லைங்க," என்றாள் டாக்டர்.

வன்னியபெருமாள் பெருமூச்சு விட்டார். இரண்டு வருஷமாக உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு. அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்க உமாராணியால் முடியவில்லை. தன்னைக் கொல்லவந்த ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்ட ஒருவன் இப்படிச் சந்தோஷப்படும்படி வைத்தது யார்? அவள்தான்.

"ஏளா, ஒன் அண்ணனுக்குப் போனப் போடு."

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கிடலாம்பா," என்றாள் சண்முகப்ரியா.

"இல்ல. இங்கன வச்சே பேசட்டும். டாக்டரம்மா முன்னால."

உமாராணி போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை தங்கதுரை எடுத்தான். "என்னளா, டெஸ்டு என்னாச்சு? நல்லபடியா வந்துட்டா?" என்று அவன் கேட்டது அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

அவள் கட்டி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரே அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவுக குடிக்கலண்ணே," என்றாள்.

"என்னது?"

"அவுக குடிக்கல. ஒருநாளும் குடிக்கல. நாம ரெண்டு பேருந்தான் அநியாயமாப் பேசிட்டோம்." சொல்லி முடித்துப் போனை மேஜையில் வைத்துவிட்டு அழுதாள். அந்தப் பக்கம் தங்கதுரை ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் எடுக்கவில்லை.

வன்னியபெருமாள் கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்கம்மா," என்றார். "நோயி எங்கன இருக்கு?"